காப்பு அவிழ்க்காத விரதம்

நம் சங்கத்து விழாக்களில் பந்தி போட்டு, இலையில் பருப்பு விழுவதற்கு முன்பே ஒரு விசாரணை தொடங்கிவிடும். "என்னம்மா, பூசினாப்ல ஆயிட்டே?" என்பார் ஒருவர். அடுத்த விழாவில் அவரே, "அடடா, இப்படி இளைச்சுட்டியே, சுகர் ஏதாவது வந்துடுச்சா?" என்பார். இரண்டு விழாக்களுக்கும் நடுவில் என்றைக்காவது ஒருநாள் நான் சரியான அளவில் இருந்திருக்க வேண்டும். அன்றைக்குச் சங்கத்தில் விழா எதுவும் இல்லை போலிருக்கிறது.

கேட்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உடம்பை விசாரிப்பது நம் பக்கத்தில் அன்பின் அடையாளம். ஊரை விட்டு இங்கே வந்து கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பிழைப்பு நடத்துகிற நமக்கு, உரிமையோடு ஒருவர் தமிழில் "உடம்பு போட்டுட்டே" என்று சொல்வதில்கூட ஓர் ஆறுதல் உண்டு. ஆனாலும் ஆண்டுக்கணக்காக எடையோடு மல்லுக்கு நிற்கிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை என்ன செய்கிறது என்பதை யாராவது எழுதத்தான் வேண்டும்.

எனக்கு அதற்கு என்ன தகுதி என்று கேட்டால், பன்னிரண்டு ஆண்டுக்கு மேலான அனுபவம் ஒன்றுதான். 2013-இல் என் எடை 92 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். 2016-இல் 74-க்கு வந்தேன். இன்று 79. மூன்று எண்களையும் சொல்லிவிட்டேன். இனி இந்தக் கட்டுரைக்கு என் எடை தேவைப்படாது.

ஆனேக்கல்லில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஊர் எப்படி மாறியது என்பது தெரியும். நான் வந்த புதிதில் ஊரைச் சுற்றி ராகி வயல்கள். தெருக்களில் பட்டு நெய்யும் தறிச் சத்தம். சந்தாபுரம் போய் வருவதே ஒரு நாள் வேலை. பிறகு ஜிகணி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. எலக்ட்ரானிக் சிட்டி வளர்ந்தது. நடந்தவர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோவும் வந்தது. இருந்தும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தே கழிகிறவர்கள் நம்மில் ஏராளம். உட்கார்ந்து போய், உட்கார்ந்து வேலை பார்த்து, உட்கார்ந்தே திரும்பி வருகிறோம். வந்ததும் களைப்புக்கு ஒரு காபி, கூட இரண்டு போண்டா.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்குப்படி கர்நாடகத்தில் பத்துப் பெண்களில் மூன்று பேர் உரிய எடைக்கு மேல் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பத்துக்கு நான்கு பேர். இதில் மட்டும் நாம் முந்திவிட்டோம்! இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு வைத்த அளவுகோல் நமக்குப் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவே 2004-இல் சொல்லியிருக்கிறது. அவர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 25 வரை கவலையில்லை என்றால், நமக்கு 23-இலேயே கவனம் வேண்டும். அதே ஆண்டு புனே டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து டாக்டர் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். இருவருக்கும் குறியீடு ஒன்றேதான், 22.3. ஆனால் வெள்ளைக்கார டாக்டர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம் டாக்டர் உடம்பில் 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஆகவே ஒருவரைப் பார்த்ததும் ஆரோக்கியசாலி, நோயாளி என்று பந்தியில் தீர்ப்புச் சொல்வது விஞ்ஞானப்படியும் தவறு. ஒல்லியாக இருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கும் ஆண்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

இனி நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். எடை குறைப்பதைப் பலரும் ஒரு விரதம் என்று நினைத்துத்தான் தொடங்குகிறார்கள். அதில் வியப்பில்லை. உடம்பை அடக்கி ஆளும் வித்தையை நமக்குக் கற்றுக் கொடுத்ததே விரதங்கள்தாம். சஷ்டிக்கு ஆறு நாள், சபரிமலைக்கு 41 நாள், மண்டலம் என்றால் 48 நாள். நம் ஊர் தர்மராயசாமி கோயில் கரகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கரகம் எடுப்பவர் அதைத் தலையில் வைத்துக் கையால் தொடாமல் கூட்டத்துக்குள் வருகிறார் என்றால் அதற்குப் பின்னால் எவ்வளவு பயிற்சியும் கட்டுப்பாடும் இருக்க வேண்டும்! ரமலானில் ஒரு மாதம் பகலில் தண்ணீர்கூடக் குடிக்காத இஸ்லாமிய நண்பர்களையும், தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சியைத் தொடாத கிறிஸ்தவ நண்பர்களையும் நாம் அறிவோம். நம் மக்களுக்கு மனஉறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கவனியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரு கடைசி நாள் இருக்கிறது. காப்புக் கட்டினால் காப்பு அவிழ்க்கும் நாளும் உண்டு. நோன்புக்குப் பெருநாள் இருக்கிறது. தவக்காலத்துக்கு ஈஸ்டர் இருக்கிறது. மாலை போட்டவர் மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றுகிறார். இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே எந்தக் கஷ்டத்தையும் தாங்கலாம். எடைக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. "முப்பதே நாளில் பத்துக் கிலோ" என்று சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டுகிறவர்கள் முப்பத்தொன்றாவது நாளைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. முப்பது நாள் கஞ்சி குடித்தவர் முப்பத்தொன்றாவது நாள் காப்பை அவிழ்க்கிறார். ஆறு மாதத்தில் பழைய எடைக்கு வந்து, "எனக்கு மனஉறுதி கிடையாது, நான் எதற்கும் லாயக்கில்லை" என்று தன்னையே நொந்துகொள்கிறார்.

நம் சாஸ்திரங்களில் கர்மங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பலனை வேண்டிச் செய்வது காம்யம். பலனைக் கேட்காமல் நாள்தோறும் செய்தாக வேண்டியது நித்தியம். மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று செய்யும் பூஜை காம்யம், சந்தியாவந்தனம் நித்தியம். சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றுவதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். போன மாதம் முப்பது நாள் விளக்கேற்றினேனே, என்ன லாபம் என்று எந்த அம்மாவும் கணக்குக் கேட்பதில்லை. ஒருநாள் ஊருக்குப் போனதால் விட்டுப் போனால், மறுநாள் இரண்டு விளக்காக ஏற்றி அபராதம் கட்டுவதும் இல்லை. வந்த அன்று வழக்கம்போல் ஏற்றுகிறோம். உடம்பைப் பேணுவதைக் காம்யத்திலிருந்து நித்தியத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி. கல்யாணத்துக்குப் போவதற்குள் ஐந்து கிலோ, போட்டோவுக்காக மூன்று கிலோ என்பதெல்லாம் காம்யம். கல்யாணம் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும்.

இது வெறும் வேதாந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். குறைந்த எடை திரும்பி வருவதற்கு ஒருவருடைய சோம்பலோ வாய்ச்சபலமோ மட்டும் காரணம் இல்லை என்பது இன்று நன்றாகத் தெரிந்த விஷயம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். போட்டியில் அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைந்தே இருந்தது. ஆறு ஆண்டு கழித்தும்! பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொண்டு சிக்கனம் பிடிக்கிறது. எடை குறைந்தபின் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றும் 2011-இல் காட்டியது. பஞ்சங்களைத் தாண்டி வந்த வம்சம் நாம். நம் உடம்பு நம்மைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது. அதைத் திட்டி என்ன பயன்?

"அப்படியானால் எடை குறையாதா, குறைந்தாலும் நிற்காதா, பிறகு எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்பீர்கள். இதற்கான பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது. சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை நோய் வரும் தறுவாயில் இருந்த 531 பேரைச் சேர்த்து, சிலருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் கொடுத்தார்கள். சிலரை நாள்தோறும் அரைமணி நேரம் நடக்க வைத்து, சாப்பாட்டையும் சீர்படுத்தினார்கள். வேறு சிலருக்கு மருந்தும் தந்தார்கள். மூன்று ஆண்டில், வெறும் அறிவுரை பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. இதில் நான் பலரிடமும் சொல்லிச் சொல்லி அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. அப்படி நடந்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை குறையவே இல்லை!

இதை நிறுத்திப் படியுங்கள். அந்த மூன்று ஆண்டும் அவர்கள் எடை மிஷினில் ஏறி ஏறி இறங்கியிருந்தால், "ஒன்றும் நடக்கவில்லை" என்றுதான் அது சொல்லியிருக்கும். மிஷினை நம்பியிருந்தால் பாதிப் பேர் நடப்பதையே விட்டிருப்பார்கள். உள்ளே ஈரலும் தசையும் கணையமும் தங்கள் வேலையைச் சரிசெய்துகொண்டிருந்தது அந்த முள்ளுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத பலனை நம்பி அடுத்த நாளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை என்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

எங்கள் வீட்டில் எடை மிஷின் இருக்கிறது, மாதத்துக்கு ஒருமுறை ஏறுகிறேன். அதைவிடத் தையல் நாடாவுக்கு அதிக மரியாதை கொடுக்கிறேன். இடுப்பளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டவருக்கு வகுத்த அளவு. நான் இன்னும் அதற்குள் வரவில்லை, வருவேனா என்றும் தெரியாது. எனக்கு இன்னோர் அளவுகோலும் உண்டு. ஆனேக்கல்லுக்குப் பக்கத்தில் முத்யால மடுவு அருவி இருக்கிறதே, அங்கே படிகளில் இறங்குவது யாருக்கும் சுலபம். ஏறி வருவதில்தான் உண்மை தெரியும். 2013-இல் இறங்கவே பயந்து மேலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது ஆண்டுக்கு இரண்டு தடவை பேரனோடு இறங்கி ஏறுகிறேன். நடுவில் நிற்பேன், மூச்சு வாங்குவேன், குரங்கு வந்தால் பொட்டலத்தை ஒளிப்பேன். ஆனாலும் ஏறிவிடுகிறேன்.

தன்னைத் தானே ஏற்றுக்கொள்வது என்ற பேச்சை எடுத்தால் உடனே, "அப்போ குண்டாவே இருந்துடலாமா?" என்று மடக்குவார்கள். "எங்க வம்சமே இப்படித்தான்" என்று சொல்லி மூன்றாவது ஜாங்கிரியை எடுப்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களை நான் ஆதரிக்கவில்லை. நான் சொல்வது இதுதான். தான் வெறுக்கிற ஒரு பொருளை ஒருவர் பத்தாண்டு பேணிக் காக்க மாட்டார். பிடிக்காத வாடகை வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? உடம்பு இளைத்த பிறகு அதை நேசிக்கலாம் என்று தள்ளிப்போட்டால் இளைக்கும் வரை அதைக் கவனிப்பது யார்? புதுப் புடவையை "கொஞ்சம் இளைச்சதும் கட்டிக்கலாம்" என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அந்தப் புடவைகளில் சில மடிப்பிலேயே இற்றுப் போயின. பத்தாண்டாக எந்தக் குடும்பப் படத்திலும் நிற்காமல், "நான் எடுக்கிறேன்" என்று கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஒரு தாயையும் தெரியும். அவர் பிள்ளைகளின் ஆல்பத்தில் அம்மாவே இல்லை.

நம் சமயமும் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பெரிய மனசு உடையது. தொந்திப் பிள்ளையாரைத்தான் எந்தக் காரியத்துக்கும் முதலில் கும்பிடுகிறோம். கும்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையனைத் "தடியா" என்று கூப்பிடுகிறோம். எலும்பும் தோலுமாகப் பேய் வடிவில் வந்த காரைக்கால் அம்மையாரைக் கண்டு ஊரார் பயந்து ஓடினார்கள். கயிலையில் இறைவன் அவரை "அம்மையே" என்று அழைத்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. அறுபத்துமூவர் வரிசையில் மற்ற நாயன்மார்கள் நிற்க, அம்மையார் அமர்ந்திருப்பதைக் கோயிலுக்குப் போகும்போது பாருங்கள்.

சமையலறைப் பக்கமும் கொஞ்சம் போய் வரலாம். ராகி சாப்பிட்டால் இளைத்துவிடும் என்று இப்போது ஒரு பேச்சு. சிறுதானிய ஆண்டாக 2023-ஐ உலகமே கொண்டாடிய பிறகு அது இன்னும் கூடிவிட்டது. இங்கே களியை முத்தே என்கிறார்கள். கீரைச் சாற்றோடு அதைச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு அதன் அருமை தெரியும். கால்சியமும் நார்ச்சத்தும் அரிசியைவிட ராகியில் அதிகம். ஆனால் கலோரிக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வயலில் வேலை செய்தவர் இரண்டு உருண்டை சாப்பிட்டார் என்றால் அவர் வேலை அப்படி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இரண்டு உருண்டை சாப்பிட்டால் அது இடுப்பில்தான் போய்ச் சேரும். திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம், 95-ஆவது. அதில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. பத்துக் குறளில் ஆறு, எப்போது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பற்றியே பேசுகின்றன. அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டு மூடியே கிடந்து 2009 ஆகஸ்டு 9-ஆம் தேதி திறக்கப்பட்ட அந்தச் சிலையைப் பார்த்துப் பெருமைப்படுகிற நாம், அந்த ஆறு குறளையும் எடுத்துப் பார்க்கலாம். பொறுமைக்கும் அங்கேயே பாடம் இருக்கிறது.

ஊசி மருந்துகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசிகள் 2025-இல் இந்தியாவிலும் எடை குறைப்புக்கு விற்பனைக்கு வந்தன. தேவைப்படுகிறவர் டாக்டர் சொல்படி எடுத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவரை நாம் கேலி செய்வதில்லையே! ஆனால் அங்கேயும் காப்பு அவிழ்க்கும் கதைதான். செமாகுளுடைடு மருந்தை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியது என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஜிகணியில் பிரசாந்தி குடீரம் இருக்கிறது, டாக்டர் எச்.ஆர். நாகேந்திரா உருவாக்கிய யோகா பல்கலைக்கழகம். எங்கெங்கிருந்தோ வந்து அங்கே தங்கி யோகா கற்றுப் போகிறார்கள். கற்றுக்கொள்ளத் தங்கலாம், வாழ்வது என்னவோ வீட்டுக்கு வந்த பிறகுதான், நம் வீட்டு மாடியில், நம் பிள்ளைகளின் டிபன் டப்பாவுக்கு நடுவில்.

சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவில் கோலப் போட்டி, உறியடி, பட்டிமன்றம் எல்லாம் வைக்கிறோம். அன்று காலை ஏழு மணிக்கு ஒரு நடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். எடை பார்க்கும் மிஷினும் வேண்டாம். மெதுவாக நடப்பவர்கள் முன்னால், வேகமாக நடப்பவர்கள் பின்னால் என்று ஒரே ஒரு விதி வைத்தால், என்னைப் போன்றவர்களுக்கும் கூட்டத்தோடு நடக்கத் தைரியம் வரும். பந்தியில் சர்க்கரைப் பொங்கல் கட்டாயம் இருக்கட்டும், ஒரு கரண்டி. இரண்டாவது கரண்டியைக் கேட்டவர்களுக்கு மட்டும் போடச் சொல்லலாம். "வச்சுக்கோங்க, வச்சுக்கோங்க" என்று இலையை மறைக்கும் கைமேல் கரண்டியை நீட்டுகிற உபசாரத்தை ஓர் ஆண்டு நிறுத்திப் பார்ப்போம்.

உடம்பைப் பற்றிய விசாரணைக்குப் பதிலாக என்ன கேட்பது என்று ஒரு தம்பி கேட்டார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் போதும் என்றேன். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனேக்கல் பஸ் நிலையத்துக்கு எதிரில், காலை ஆறரை மணிக்கு. வருகிற யாரையும் சேர்த்துக்கொள்கிறோம்.